நகரத்து அரிசி ஆலையை இடிக்காமல் புதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வழி

மட்டக்களப்பு நகரிலும், ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களிலும், ஒரு காலத்தில் ஊரின் விளிம்பில் கட்டப்பட்ட அரிசி ஆலைகள் ஊர் வளர்ந்ததால் இன்று வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே அகப்பட்டு நிற்கின்றன. வெட்டும் மெஷின் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தந்துவிடுவதால், ஈர நெல் வட்டையிலிருந்தே, அதாவது வயல்வெளியிலிருந்தே, லொறியேறிப் பொலன்னறுவையின் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. சிறிய ஆலைக்கு எஞ்சுவது குறைந்த வேலையும், உமிப் புகையைப் பற்றி அயலவர் செய்யும் முறைப்பாடுகளுமே. நிலத்தின் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்நிலையில் பெரும்பாலான உரிமையாளர்கள் கட்டிடத்தை இடித்துக் காணியைத் துண்டு துண்டாக விற்கிறார்கள், அல்லது கூரை விழும் வரை பூட்டி வைக்கிறார்கள். கட்டிடத்தை நிறுத்திவைத்து அதற்கு வேறொரு வேலை கொடுப்பது எப்படி என்பதே இங்கு சொல்லப்படுகிறது. வாழைச்சேனையில் 1956இல் தொடங்கிய, வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்ட காகித ஆலை போன்ற பெரும் அரச தொழிற்சாலைகளுக்கு இந்த வழிமுறை போதாது. ஒரு குடும்பமோ, கூட்டுறவுச் சங்கமோ, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகமோ கையாளக்கூடிய அளவிலான ஆலைகளை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

நெல் போன பாதையை வரைந்துகொள்ளுதல்

பழைய ஆலையைப் பாதுகாப்பது என்றால் அதன் சுவர்களைப் பாதுகாப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். என் கணிப்பில், அரிசி ஆலையைப் பொறுத்தவரை சுவர் இரண்டாவது இடத்திலேயே வருகிறது. வாசலில் இறங்கிய நெல் மூட்டை தராசுக்குப் போய், ஊறவைக்கும் தொட்டிக்குள் கொட்டப்பட்டு, உமி எரித்துக் கொதிக்கவைத்த கொதிகலனின் ஆவியில் அவிந்து, நெல் காயவிடும் திறந்தவெளித் தளத்தில் பரவிக் காய்ந்து, குற்றும் மண்டபத்துக்குள் நுழைந்து, அரிசியாகவும் தவிடாகவும் உமியாகவும் பிரிந்து, மூன்று வெவ்வேறு பக்கங்களால் வெளியேறிய அந்தப் பாதைதான் ஆலை. பாதை விளங்கும்படி நின்றால், உள்ளே நூலகம் நடந்தாலும் கடை நடந்தாலும் அது அரிசி ஆலையாகவே இருக்கும். பாதை அறுந்தால், சுவர்கள் எவ்வளவு அழகாகப் பூசப்பட்டாலும் அது பழைய கட்டிடம் ஒன்று மட்டுமே.

ஆகவே முதல் வேலை, துப்புரவாக்குவதற்கும் முன்பே, ஆலையை உள்ளது உள்ளபடி பதிவுசெய்வது. ஒரு நில அளவையாளரையோ, கட்டிட வரைஞரையோ கொண்டு தரைப்படமும், நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாக இரண்டு வெட்டுமுகப் படங்களும் வரைவித்து, அந்தப் படத்தின் மேல் நெல்லின் பாதையை அம்புக்குறிகளால் குறியுங்கள். இயந்திரங்கள் ஏற்கெனவே பழைய இரும்பு வியாபாரியிடம் போயிருந்தாலும் பாதையைக் கண்டுபிடிக்க முடியும். பழைய ஆலைகளில் தனி அறையில் நின்ற ஓர் இஞ்சின், நீண்ட ஷாஃப்ட் ஒன்றைச் சுழற்றும். ஷாஃப்டிலுள்ள கப்பிச் சக்கரங்களிலிருந்து தட்டைப் பெல்ட்கள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் இயக்கும். ஷாஃப்ட் புகுந்த சுவர்த் துவாரம், அதைத் தாங்கிய இரும்புக் கைகள், இஞ்சினை இறுக்கிய போல்ட்கள் துருத்தி நிற்கும் கொங்கிரீட் மேடை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரைப் பகுதிகள் ஆகியவை எந்த இயந்திரம் எங்கே நின்றது என்பதைச் சொல்லிவிடும். இவற்றைத் தேய்த்துக் கழுவி, துவாரத்தைச் சீமெந்தால் அடைத்த பின் வரைபடம் வரையச் சொல்வதில் பயனில்லை.

ஒளிப்படம் எடுக்கும்போது அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து எடுங்கள். கதவுகளின் உட்புறங்களிலும் கணக்கறைச் சுவரிலும் சோக்காலோ கரியாலோ எழுதப்பட்ட மூட்டைக் கணக்கு, புசல் கணக்கு, கடன்காரர் பெயர், தொலைபேசி இலக்கம் போன்றவை இருக்கின்றனவா என்று பார்த்து, வெள்ளை அடிப்பதற்கு முன் அவற்றையும் படமெடுங்கள். கடன்காரர் பெயர்களை மட்டும் பொதுவில் காட்டாமல் விடுவது நாகரிகம். அடுத்து, ஆலையில் வேலை செய்தவர்களைத் தேடுங்கள். இஞ்சின் ஓட்டியவர், மூட்டை தூக்கிய நாட்டாமைமார், கணக்கப்பிள்ளை, தளத்தில் வெயிலில் நின்று நெல்லைக் காலால் கிளறிய பெண்கள் ஆகியோரை ஆலைக்குள்ளேயே அழைத்து நடக்கவிட்டு, அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் இருத்திக் கேட்டால் பொதுவான கதைகளே கிடைக்கும். தொட்டியின் ஓரத்தில் நிற்கும்போதுதான், நெல் ஊறிய தண்ணீரை எந்தக் கானால் விட்டார்கள், மழை வந்தால் தளத்து நெல்லை எந்தப் பக்கம் குவித்தார்கள் என்பவை நினைவுக்கு வரும். அந்தக் கானும் அந்தச் சரிவும் பின்னர் உங்கள் வடிகால் வேலைக்கே உதவும்.

கட்டிடத்தின் வயதுகள்

ஒரே கட்டிடத்துக்குள் பல வயதுகள் இருக்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியதற்கு முன் எழுந்த ஆலையானால், சுவரைவிடக் கூரை இளையதாக இருக்க இடமுண்டு. போர்க்காலத்தில் களஞ்சியமாகவோ, இடம்பெயர்ந்தோர் தங்கும் இடமாகவோ, முகாமாகவோ பயன்பட்ட ஆலைகளில் இடையே எழுப்பிய தடுப்புச் சுவர்களும் அடைத்த சாளரங்களும் காணப்படும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் நிவாரணப் பொருள் வைத்த இடங்களும் உண்டு. இந்த இடைக்காலத் தடயங்களையெல்லாம் அழித்து, ஆலையை அதன் முதல் நாளுக்குக் கொண்டுபோவதே மீளமைப்பு என்று சிலர் கருதுகின்றனர். அதை நான் ஏற்பதில்லை. அகதிகளாக வந்தவர்கள் சுவரில் அடித்த ஆணியும் அந்தக் கட்டிடத்தின் வரலாறுதான். காற்றோட்டத்தையோ உறுதியையோ கெடுக்கும் சேர்க்கைகளை மட்டும், படமெடுத்து வைத்த பின், அகற்றலாம்.

உரிமையும் அனுமதியும்

கிழக்கில் வீடும் வளவும் பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும் வழமை இருப்பதால், ஆலைக் காணி இரண்டு மூன்று சகோதரிகளின் உறுதிகளில் பிரிந்து கிடப்பது புதுமையல்ல. மண்டபம் ஒருவருக்கும், தளம் இன்னொருவருக்கும், புகைபோக்கி நிற்கும் மூலை மூன்றாமவருக்கும் எழுதப்பட்டிருந்தால், நெல்லின் பாதை காகிதத்தில் ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது என்று பொருள். காணிப் பதிவகத்தில் உறுதிகளைத் தேடி எடுத்து, எல்லாப் பங்காளிகளும் கையொப்பமிடும் நீண்டகாலக் குத்தகை உடன்படிக்கை ஒன்றை நொத்தாரிசைக் கொண்டு எழுதுவிப்பது, எந்த மேசனையும் அழைப்பதற்கு முன் செய்யவேண்டியது. காணி அரச அனுமதிப்பத்திரக் காணியானால், பயன்பாட்டை மாற்றலாமா என்பதைப் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டிடத்தில் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியின்றி எதையும் மாற்ற முடியாது. ஆனால் ஊர் அரிசி ஆலைகளை அந்தப் பட்டியலில் எதிர்பார்க்க வேண்டாம்; அவற்றைக் காப்பது பெரும்பாலும் உரிமையாளரின் விருப்பமே. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பகுதிகளாக வெளிப்படுத்தப்பட்ட இடங்களில், கட்டிட வேலைக்கு மட்டுமன்றிப் பயன்பாட்டை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். விண்ணப்பம் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை வழியாகப் போகும். மட்டக்களப்பில் பலர் மறந்துவிடுவது கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் கடலிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயமாகக் கொள்கிறது. கடலோடு தொடுக்கும் வாவிகளையும் அது தழுவுகிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அத்தகைய நீர்நிலைகளின் ஓரமாக 100 மீற்றர் நிலமும் அதற்குள் வருகிறது. புளியந்தீவிலோ வாவிக் கரையிலோ நிற்கும் ஆலைக்கு இந்த அனுமதியைக் கேளாமல் வேலை தொடங்குவது பின்னர் பெருந்தொல்லையாகும்.

எந்தப் பயன்பாடு பொருந்தும்

பயன்பாட்டை முடிவுசெய்துவிட்டுக் கட்டிடத்தை அதற்குள் திணிப்பதே வழக்கமாக நடப்பது. கட்டிடத்திடம் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற வேலையைத் தேடுவதே சரியான வரிசை. அரிசி ஆலையிடம் மூன்று செல்வங்கள் இருக்கின்றன: தூண் குறைந்த உயரமான மண்டபம், வெயிலும் காற்றும் தடையின்றிப் படும் பரந்த தளம், தடித்த சுவருள்ள உலர்ந்த களஞ்சியம்.

முதலில் எண்ணிப் பார்க்கவேண்டியது பழைய வேலையையே. அம்பாறையின் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை நீண்ட காலம் மூடிக் கிடந்து, மீண்டும் சீனி ஆலையாகவே இயங்குகிறது. ஊர் ஆலையிலும் ஒரு சிறிய குற்று இயந்திரத்தை மின் மோட்டாரில் ஓட்டி, பாரம்பரிய நெல்லினங்களைக் குற்றி அங்கேயே விற்கும் ஒரு மூலையை வைத்திருக்க முடியுமானால், மற்றப் பகுதிகள் என்னவாக மாறினாலும் கட்டிடத்தின் நாடி நிற்காது. அது முடியாவிட்டால் நாட்டுக்குள்ளேயே வேறு முன்மாதிரிகள் உண்டு. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001இலிருந்து தேயிலை நூதனசாலையாக இயங்குகிறது. கந்தப்பளையில் இன்னொரு தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாக மாறியது. இரண்டிலும் பழைய இயந்திரங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன. ஆனால் சுற்றுலாப் பயணிகள் ஏற்கெனவே வரும் மலையகத்தின் கணக்கை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவருவது ஏமாற்றத்தில் முடியலாம். நூதனசாலை மட்டும் என்று தொடங்கினால் இரண்டாம் ஆண்டில் மின்கட்டணம் கட்டவே திண்டாட்டம் வரும்.

கல்யாண மண்டபம் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. வருமானமும் அதில்தான் அதிகம். எனினும் அதில் என் நம்பிக்கை குறைவு. குளிரூட்டி வேண்டும் என்பார்கள். அதற்காகப் பொய்க்கூரை அடிப்பார்கள். தரைக்கு மாபிள் பதிப்பார்கள். தளத்தை வாகனத் தரிப்பிடமாக்குவார்கள். முகட்டில் தூசியும் வெப்பமும் வெளியேறுவதற்காக விடப்பட்ட காற்றுவழி அடைபட்ட பின், குளிரூட்டி இல்லாமல் அந்த மண்டபத்தில் இருக்கவே முடியாது. அப்படியே செய்யத்தான் வேண்டுமானால் காற்றுவழியைத் திறந்து வைத்து, மின்விசிறியோடு நடத்தும் சிறிய விழாக்களுக்கு மட்டும் என்று உடன்படிக்கையில் எழுதிவிடுங்கள்.

இந்த மண்ணுக்குப் பொருந்துவது கலப்புப் பயன்பாடு என்பது என் எண்ணம். களஞ்சியத்தை வாடகைக்கு விட்டால் மாதாந்த வருமானம் வரும். மண்டபத்தில் மருதமுனைக் கைத்தறி, பன்பாய் போன்றவற்றுக்கான பட்டறைகளும் விற்பனையும் நடக்கலாம். பகலில் மாணவர்கள் இருந்து படிக்க ஒரு பக்கம் ஒதுக்கலாம். தளத்தை எக்காரணம் கொண்டும் கட்டிடத்தால் மூடாதீர்கள். வட்டக்களரியில் சுற்றிவர மக்கள் இருந்து பார்க்கும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்கு, நகருக்குள் இப்படியொரு திறந்த சமதளம் எளிதில் கிடைப்பதில்லை. கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களின் ஆற்றுகைகளுக்கும் அது இடமாகும். பெரும்போக அறுவடைக் காலத்தில் அயல் விவசாயிகள் சில நாள் நெல் காயவிடவும் அதே தளத்தைக் கொடுக்கலாம். நெல் தெருவோரத்தில் காய்வது குறையும், தளமும் தன் வேலையை மறக்காது.

திருத்த வேலையின் வரிசை

பழைய இடங்களைப் பேணுவது பற்றி ஆஸ்திரேலியாவில் 1979இல் உருவான பர்ரா சாசனம், தேவையான அளவு செய்து, இயன்ற அளவு குறைவாக மாற்றுமாறு சொல்கிறது. வேலைக்காரருக்கு இதையே முதல் நாள் சொல்லிவைப்பது நல்லது. பழையதைக் கண்டால் தட்டிக் கொட்டிப் புதிதாகப் பூசுவதே திறமை என்று நினைக்கும் மேசன்மார் குறைவில்லை.

கூரையில்தான் தொடங்கவேண்டும். வாடைக் காலத்து மழை ஒக்டோபர், நவம்பரில் பிடித்துக்கொள்வதால், கூரை வேலையை மாசி மாதத்துக்குப் பின் தொடங்கி ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். தீராந்தி, வளை, சிலாகை என்ற கூரை மரங்கள் ஒவ்வொன்றையும் ஓடாவி (தச்சர்) ஒருவர் தட்டிப் பார்த்து, கறையான் தின்ற துண்டை மட்டும் வெட்டி, அதே மரத்தால் ஒட்டுப் போடட்டும். மரத்தின் முனை சுவருக்குள் புகும் இடமே முதலில் உக்கும் என்பதால் அங்கே கூடிய கவனம் வேண்டும். கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் நிலைமை வேறு. நல்ல நிலையிலுள்ள சீற்றைக் கிளறாமல் விடுவதே பாதுகாப்பு. கழற்றத்தான் வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், துளையிடாமல், முழுச் சீற்றாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றவேண்டும். வேலை செய்பவர்கள் நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் அணியவேண்டும். விழுந்த துகளை உலர்ந்த தும்புத்தடியால் கூட்டக்கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. உடைந்த சீற்றைத் தளத்தின் குழி நிரப்பப் பயன்படுத்துவது நம் ஊரில் சாதாரணமாக நடப்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

கூரைக்கு அடுத்தது சுவர், அதிலும் குறிப்பாகச் சுவரின் அடி. வாவியும் கடலும் சூழ்ந்த நிலத்தில் உப்புநீர் செங்கல்லுக்குள் ஏறுகிறது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரில் அந்த ஈரம் மேற்பரப்பால் ஆவியாகி வெளியேறும். உப்பு பூச்சிலே பூத்து உதிரும். பூச்சைச் சில ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தால் கல்லுக்குச் சேதமில்லை. அதே சுவருக்குச் சீமெந்துப் பூச்சு அடித்தால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு கல்லுக்கும் பூச்சுக்கும் இடையில் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துக்கொண்டு விழும். உதிர்கிறது என்று மேலும் வலுவான சீமெந்து பூசினால் சேதம் பெருகுமே தவிரக் குறையாது. ஆகவே பழைய சீமெந்துப் பூச்சைச் சிறிய உளியால் மெதுவாக அகற்றி, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தால் பூசுங்கள். ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல் என்பது தொடக்க அளவு. உப்பு மணல் கூடாது. நீற்றிய சுண்ணாம்பைச் சில கிழமைகளாவது தண்ணீருக்குள் ஊறவிட்டால்தான் சாந்து வழுக்கும். முன்னோர் பயன்படுத்திய முருகைக்கல்லைக் கடலோரத்தில் அகழ்வது இன்று சட்டப்படி குற்றம் என்பதால், உள்நாட்டில் சுடப்படும் சுண்ணாம்பையே வாங்கவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உள்வாங்கியே இறுகும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது இறுகுமுன் காய்ந்து வெடித்துவிடும். ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டுப் பல நாள் நனைத்துக்கொண்டே இருங்கள், அல்லது அந்த மாதங்களைத் தவிருங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடிக்கலாம். பிளாஸ்ரிக் பெயின்ற் சீமெந்தின் வேலையையே செய்யும்.

சுவரைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் பழைய கானைத் தோண்டித் திறப்பது, பூச்சுக்குச் செலவிடும் பணத்தைவிட அதிகப் பலன் தரும். உள்ளே தரையை உயர்த்திக் கொங்கிரீட் போடுவதும், வெளியே வீதி மட்டத்துக்கு மண் நிரப்புவதும் ஈரத்தைச் சுவருக்குத் தள்ளிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

புகைபோக்கி தனிக் கவனம் கேட்கும். தூக்குக்குண்டு விட்டு அதன் சாய்வை அளந்து எழுதி, ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்கவேண்டும். சாய்வு கூடியிருந்தால் பொறியியலாளர் ஒருவர் பார்க்கும் வரை கீழே எவரையும் விடாதீர்கள். வெடிப்புகளில் முளைத்த ஆல், அரசங் கன்றுகளைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். அடியோடு அறுத்து, வேர் உக்கிய பின் இடைவெளியைச் சாந்தால் நிரப்பவேண்டும். இடிதாங்கியின் கம்பி நிலம் வரை அறுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். புகைபோக்கியை இடித்தால் இடம் மிச்சம் என்று எவராவது சொன்னால், அந்த ஊரில் ஆலையைத் தூரத்திலிருந்து காட்டுவது அது ஒன்றுதான் என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இயந்திரங்களுக்கு வெள்ளி நிறப் பெயின்ற் அடிப்பது பரவலான பழக்கம். அது கறளை மூடுமே தவிர நிறுத்தாது. வார்ப்பிரும்பில் பொறித்த தயாரிப்பாளர் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கெடுத்து, நகரும் பாகங்களுக்குக் கிறீஸ் பூசி, மற்றப் பரப்பில் மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். எரிபொருளை முழுமையாக வடித்து அகற்றுங்கள். பெல்ட்டை மாட்டிக் காட்சிக்கு வைப்பதானால், பிள்ளைகள் கையை உள்ளே விடாதபடி வலைத் தடுப்பு அவசியம்.

புதிதாகச் சேர்ப்பவற்றை, நாளை கழற்றினால் பழைய சுவரில் காயம் தெரியாதபடி சேருங்கள். மலசலகூடத்தையும் சமையலறையையும் மண்டபத்துக்குள் கொண்டுவராமல், உமி கொட்டிய பக்கத்தில் தனியே கட்டினால் ஈரமும் நெருப்பும் பழைய மரத்தை நெருங்கா. மின்கம்பிகளைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளிக் குழாய்களில் ஓட்டலாம். ஆலைக்கு அது பார்வைக்கும் பொருந்தும். மக்கள் கூடும் இடமாகும் என்பதால் இரண்டாவது வெளிவாசல் கட்டாயம். அரிசி வெளியேறிய கதவைத் திறந்தால் அது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

குத்தகைக்காரரும் பராமரிப்பும்

திருத்தி முடித்த கட்டிடங்கள் பழுதாவது பெரும்பாலும் குத்தகைக்காரர்களின் கையில்தான். சுவரில் துளையிடுவது, முகட்டுக் காற்றுவழியை அடைப்பது, தளத்தில் நிரந்தரக் கொட்டகை போடுவது, பெயின்ற் வகையை மாற்றுவது ஆகிய நான்கையும் எழுத்து அனுமதியின்றிச் செய்யக்கூடாது என்று உடன்படிக்கையில் போடுங்கள். தரைப்படத்தின் பிரதியையும், நெல்லின் பாதை குறித்த படத்தையும் அதனோடு இணையுங்கள். வாடகையின் ஒரு பகுதியைப் பங்காளிகள் பிரித்தெடுக்குமுன் தனி வங்கிக் கணக்கில் வைப்பது நல்லது. பங்கு பிரித்த பின் கூரைக்கு என்று திரும்பக் கேட்டால் எந்தக் குடும்பத்திலும் சமாதானம் நிலைக்காது. ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்தில், மழைக்கு முன், பீலியையும் கானையும் துப்புரவாக்கி, பெயர்ந்த ஓடுகளை மாற்றி, கறையான் புற்றைத் தேடி, புகைபோக்கியின் சாய்வை அளந்து, அதே பதிவேட்டில் திகதியோடு எழுதவேண்டும். பதிவேடு கணக்கப்பிள்ளையின் பழைய அறையிலேயே இருக்கட்டும். குத்தகைக்காரர் மாறும்போது திறப்புக் கோர்வையோடு அதுவும் கைமாறவேண்டும்.